உங்கள் ஊராட்சி நகரத்தோடு இணைக்கப்படுகிறதா? கிராம மக்களுக்கான முழுமையான வழிகாட்டி

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 16 மாநகராட்சிகளோடு 4 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் 149 ஊராட்சிகளையும் இணைப்பதற்கான அறிவிப்பைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. கன்னியாகுமரி, அரூர், பெருந்துறை உள்ளிட்ட 13 இடங்கள் நகராட்சிகளாகவும், ஏற்காடு, காளையார்கோவில், திருமயம் உள்ளிட்ட 25 இடங்கள் பேரூராட்சிகளாகவும் உயரும் என்பதும் அதனோடு சேர்ந்தே வந்தது. அடுத்த சில வாரங்களில் திருச்சியை ஒட்டிய அதவத்தூர் முதல் புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்கள் வரை மக்கள் சாலைக்கு வந்தனர். நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும் என்பவையே பெரும்பாலும் அவர்கள் எழுப்பிய குரல்கள். இரண்டும் நியாயமான அச்சங்கள்தாம். ஆனால் சாலை மறியல் செய்தித்தாளில் ஒரு நாள் இடம்பெறும்; அரசின் கோப்பில் இடம்பெறுவது எழுத்தில் கொடுக்கப்பட்ட ஆட்சேபணை மட்டுமே. அதை எப்படித் தயாரிப்பது, எதைக் கேட்பது, இணைப்பு நடந்துவிட்டால் எவற்றை உடனே உறுதி செய்துகொள்வது என்பவற்றை இந்த வழிகாட்டி படிப்படியாகச் சொல்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இணைப்பு என்றாலே தீங்கு என்ற நிலைப்பாடு இந்த வழிகாட்டிக்கு இல்லை. புறவழிச்சாலையை ஒட்டி மனைப்பிரிவுகள் நிறைந்து, கழிவுநீருக்கு வழியில்லாமல், குப்பையை எரித்துக்கொண்டிருக்கும் ஊராட்சிகள் பல உண்டு. அவற்றுக்கு நகர உள்ளாட்சி அமைப்பின் பணமும் பொறியாளர்களும் தேவை. சிக்கல் என்னவென்றால், அதே ஊராட்சியின் மறுகோடியில் நெல் வயலும் ஆட்டுக்கிடையும் இருக்கும். அரசாணையோ இரண்டையும் ஒரே வரியில் நகரமாக்கிவிடும். ஆகவே, "இணைக்கவே கூடாது" என்பதைவிட, "இந்தப் புல எண்களை விட்டுவிட்டு இணையுங்கள்" என்ற கோரிக்கைக்கே பல இடங்களில் வலு அதிகம்.

முதல் படி: எந்த எல்லை மாறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு கிராமத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் பல எல்லைகள் இருக்கின்றன. வருவாய்க் கிராமம் என்பது நிலப் பதிவுக்கானது. கிராம நிர்வாக அலுவலரும் வட்டாட்சியரும் அதற்குப் பொறுப்பு. ஊராட்சி என்பது உள்ளாட்சிக்கானது. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, 500-க்குக் குறையாத மக்கள்தொகை கொண்ட ஒரு வருவாய்க் கிராமத்தையோ, அதன் ஒரு பகுதியையோ, பல கிராமங்களின் தொடர்ச்சியான பகுதிகளையோ ஊராட்சியாக மாவட்ட ஆட்சியர் அறிவிக்கிறார். இவ்விரண்டும் அல்லாமல் சட்டமன்றத் தொகுதி, நியாயவிலைக் கடை, காவல் நிலையம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை உண்டு.

உள்ளாட்சி இணைப்பில் மாறுவது ஊராட்சி எல்லை மட்டுமே. பட்டா எண், புல எண், வட்டம், சட்டமன்றத் தொகுதி ஆகியவை இணைப்பினாலேயே மாறிவிடுவதில்லை. "நிலமெல்லாம் மாநகராட்சிக்குப் போய்விடும்" என்ற பேச்சு ஒவ்வோர் ஊரிலும் கிளம்புகிறது. தனியார் பட்டா நிலத்தைப் பொறுத்தவரை அது உண்மையன்று. ஊராட்சி வசமுள்ள பொதுச் சொத்துகளின் கதை வேறு. அதைப் பின்னர் பார்ப்போம்.

இரண்டாம் படி: அறிவிக்கையைக் கையில் வாங்குங்கள்

நாளிதழ்ச் செய்தியை வைத்து மனு எழுதாதீர்கள். அரசிதழில் வந்த அறிவிக்கையில்தான் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் நடவடிக்கை, எந்த ஊராட்சிகள், எவ்வளவு பரப்பு, யாரிடம் எந்த நாளுக்குள் ஆட்சேபணை தெரிவிக்க வேண்டும் என்பவை இருக்கும். நகர உள்ளாட்சிகளுக்கு இப்போது நடைமுறையில் இருப்பது 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம்; அது 2023 ஏப்ரல் 13 முதல் செயலுக்கு வந்தது. ஆட்சேபணைக்கு ஆறு வாரம் என்பது 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டக் காலத்திலிருந்தே பழகிவந்த அளவு. உங்கள் அறிவிக்கையில் எந்தக் கெடு இருக்கிறதோ அதையே கணக்கில் கொள்ளுங்கள். அரசிதழில் வெளியான நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும், ஊருக்குச் செய்தி வந்து சேர்ந்த நாளிலிருந்து அன்று.

முன்மொழிவுக் கோப்பின் நகல், நகர அமைப்பு நிறைவேற்றிய தீர்மானம், எல்லையைக் காட்டும் வரைபடம் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் இருப்பதால், விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே அனுப்பினால்தான் கெடுவுக்குள் பயன்படும். ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை, நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை என இரண்டு துறைகளுக்கும் தனித்தனியாக அனுப்புவது நல்லது. ஓர் ஊராட்சி கைமாறும்போது கோப்பு இரண்டு பக்கமும் இருக்கும். ஒருவர் மற்றவரைக் கை காட்டுவது அதிசயமன்று.

மூன்றாம் படி: ஊரின் இலாப நட்டக் கணக்கை வீடுவாரியாகப் போடுங்கள்

இதுதான் அதிக உழைப்பு கேட்கும் படி. இதைச் செய்யாமல் கூட்டம் போட்டால், கூட்டம் கோஷத்தோடு முடிந்துவிடும்.

வேலையிலிருந்து தொடங்குங்கள். 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் 'ஊரகப் பகுதி' என்பதற்குக் கொடுத்த விளக்கமே, நகர உள்ளாட்சி அமைப்பின் கீழ் வராத பகுதி என்பதுதான். அதற்கு மாற்றாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 125 நாள் வேலைச் சட்டமும் ஊரகக் குடும்பங்களுக்கானதே. ஆக, இணைப்பு நடைமுறைக்கு வந்ததும் வேலை அட்டை செல்லாததாகிவிடும். தமிழ்நாட்டில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்று முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது உண்மை. ஆனால் அது சில நகராட்சிகள், பேரூராட்சிகள், மாநகராட்சி மண்டலங்களுக்கு மட்டுமானது. சட்டப்படி கேட்டுப் பெறும் உரிமைக்கு அது ஈடாகாது. உங்கள் ஊரில் எத்தனை அட்டைகள் உயிர்ப்போடு இருக்கின்றன, கடந்த ஆண்டு எத்தனை மனித நாள்கள் வேலை நடந்தது, அதில் பெண்கள் பங்கு எவ்வளவு என்பவை திட்டத்தின் இணையதளத்தில் ஊராட்சிவாரியாகக் கிடைக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து மனுவோடு இணையுங்கள்.

அடுத்தது வீடு. ஊரகத்துக்கான பிரதமர் வீட்டுவசதித் திட்டமும், 3.50 லட்சம் ரூபாய் வழங்கும் கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் ஊராட்சிப் பகுதிகளுக்கானவை. நகரத்துக்கான வீட்டுத் திட்டம் தனி. அதன் விதிகளும் பட்டியலும் வேறு. காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களின் பெயர்களையும், பணி ஆணை பெற்றுப் பாதிக் கட்டடத்தில் நிற்பவர்களின் பெயர்களையும் தனித்தனியாக எழுதுங்கள். பின்னவர்களுக்கு மீதித் தவணை தடையின்றி வர வேண்டும் என்பதை எழுத்தில் உறுதி கேட்க வேண்டும்.

வரியைப் பற்றிப் பொத்தாம் பொதுவாகப் பேசாமல், பத்து வீட்டு ரசீதுகளை எடுத்துவைத்து, இணையவிருக்கும் நகர அமைப்பில் அதே சதுர அடிக்கு என்ன வரி என்று கேட்டு எழுதுங்கள். நகரங்களில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை விதிக்கப்படுகிறது. காலிமனைக்கும் வரி உண்டு. 2022 ஏப்ரலில் சென்னை நீங்கலான நகர அமைப்புகளில் குடியிருப்புகளுக்கான வரி, 600 சதுர அடிக்கு உட்பட்டவற்றுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் உயர்த்தப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சிறிய ஓட்டு வீட்டுக்காரருக்குச் சுமை பெரும்பாலும் சொத்து வரியால் மட்டும் கூடுவதில்லை. குடிநீர்க் கட்டணம், குப்பைக் கட்டணம், பாதாளச் சாக்கடை வந்தால் அதற்கான வைப்புத்தொகை என எல்லாம் சேரும்போதுதான் கூடுகிறது.

இனி, கூட்டங்களில் யாரும் எழுப்பாத மூன்று செய்திகள். இவை மூன்றும் எனக்கு வரியைவிட முக்கியமாகப் படுகின்றன.

முதலாவது, நிலத்தின் விலை சார்ந்தது. 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், ஊரகப் பகுதி நிலத்தின் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரையிலான காரணியால் பெருக்கி இழப்பீடு கணக்கிடப்படுகிறது. நகரப் பகுதிக்குக் காரணி 1 மட்டுமே. சாலையோ தொழிற்பேட்டையோ வரவிருக்கும் ஊர் முன்கூட்டியே நகரமாகிவிட்டால், அந்தப் பெருக்கல் இல்லாமல் போகிறது. அதேபோல் வருமான வரிச் சட்டத்தில், 10,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை கொண்ட நகர அமைப்பின் எல்லைக்குள் இருக்கும் விவசாய நிலம் மூலதனச் சொத்தாகக் கருதப்படும். விற்றால் மூலதன ஆதாய வரி வரும். எல்லைக்கு வெளியே இருந்தாலும், நகரின் மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6, 8 கிலோமீட்டர் வான்வழித் தொலைவு வரை இதே விதிதான். அதாவது, எல்லை விரிந்தால் இணைக்கப்படாத அடுத்த ஊர்க்காரரும் இந்த வளையத்துக்குள் வந்துவிடலாம். அவரிடம் யாரும் ஆட்சேபணை கேட்பதில்லை.

இரண்டாவது, பள்ளிப் பிள்ளைகள் சார்ந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வை ஊராட்சி, பேரூராட்சிப் பகுதிப் பள்ளிகளில் படிப்பவர்களே எழுத முடியும். மாவட்டத்துக்கு 50 மாணவர்கள், 50 மாணவியர் என உதவித்தொகை பெறும் அந்த வாய்ப்பு, பள்ளி நகராட்சி எல்லைக்குள் போனதும் மூடப்படுகிறது. பள்ளிக்கூடம் அதே கட்டடம், பிள்ளைகள் அதே பிள்ளைகள்.

மூன்றாவது, மதுக்கடை. பள்ளி, வழிபாட்டிடம் ஆகியவற்றிலிருந்து மதுக்கடை இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தொலைவு மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர். ஏனைய இடங்களில் 100 மீட்டர். கிராம சபையில் பெண்கள் இதைக் கேட்டால் கூட்டத்தின் போக்கே மாறும்.

மறுபக்கத்தையும் நேர்மையாக எழுதுங்கள். ஊராட்சியின் ஆண்டு வரவு எவ்வளவு, மின் கட்டணத்துக்கும் குடிநீர்த் தொட்டி இயக்குபவர் ஊதியத்துக்கும் போக மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால், பல ஊராட்சிகளில் ஒரு தெருவுக்கு வடிகால் கட்டக்கூட மிஞ்சாது. சென்னை மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது 25 ஊராட்சிகள் உட்பட 42 உள்ளாட்சி அமைப்புகள் அதனுள் சென்றன. அங்கே மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் வந்து சேர ஆண்டுகள் பல பிடித்தன என்றாலும், ஊராட்சிப் பணத்தில் அவை என்றைக்குமே நடந்திருக்க மாட்டா. உங்கள் ஊர் அந்தக் கட்டத்தில் இருக்கிறதா என்பதை நீங்கள்தாம் முடிவு செய்ய வேண்டும்.

நான்காம் படி: பொதுச் சொத்துகளின் பட்டியல்

ஊரணி, குட்டை, களம், மந்தை, மயானம், மேய்ச்சல் புறம்போக்கு, சமுதாயக் கூடம், தெருவிளக்கு, மேல்நிலைத் தொட்டி, ஆழ்துளைக் கிணறு என ஒன்றுவிடாமல், அ-பதிவேட்டை (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) பார்த்துப் புல எண்ணோடு எழுதுங்கள். கண்மாய்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பவை. புதுக்கோட்டை மாநகராட்சியோடு இணைந்த ஊராட்சிகளில் கவிநாடு கிழக்கு, கவிநாடு மேற்கு ஆகியவை உண்டு. பெரிய கண்மாயை நம்பிப் பயிர் செய்யும் ஊர்கள் நகர எல்லைக்குள் வரும்போது, வரத்து வாய்க்காலைத் தூர்வாருவது யார், கழிவுநீரை அதில் விடாமல் தடுப்பது யார் என்ற கேள்விகளுக்கு இணைப்புக்கு முன்பே விடை வேண்டும். மீன்பாசி ஏலம், புளியமர மகசூல் ஏலம் ஆகியவற்றின் வருமானம் இதுவரை ஊருக்குள் செலவானது. இனி பொது நிதியில் கலக்கும்.

மயானத்தையும் மறக்க வேண்டாம். ஆதிதிராவிடர் குடியிருப்புக்குரிய மயானமும் அதற்கான பாதையும் பல ஊர்களில் பதிவேட்டில் சரியாக ஏறாமலே வழக்கத்தில் இருக்கின்றன. எல்லை மாறும் நேரத்தில் அவை பட்டியலில் இல்லாவிட்டால், பின்னால் அதை நிறுவ நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: கிராம சபைத் தீர்மானம்

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கெடுவுக்குள் இவற்றில் ஒன்று வராவிட்டால் சிறப்புக் கூட்டம் கேட்டு மனுக் கொடுங்கள். 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்ற நிலையில்தான் இணைப்பு அறிவிப்புகளும் வந்தன. பேசுவதற்குத் தலைவர் இல்லாத நேரத்தில் ஊராட்சியின் கருத்தைக் கேட்பது எந்த அளவுக்குக் கேட்பதாகும் என்ற கேள்வி எழத்தான் செய்யும். இருந்தாலும் கிராம சபை என்பது தலைவரோடு முடிவதன்று. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவருமே அதன் உறுப்பினர்கள்.

குறைவெண் வரம்பைக் கவனியுங்கள். 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். கையெழுத்துப் பதிவேட்டில் இந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் தீர்மானத்துக்கு மதிப்பில்லை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியும். தீர்மானத்தின் சொற்கள் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"இவ்வூராட்சியில் இணைப்பு 'அ'-இல் கண்ட புல எண்களில் அடங்கிய நிலங்கள் தொடர்ந்து சாகுபடியில் இருப்பதை அடங்கல் பதிவுகள் காட்டுவதாலும், அவற்றைச் சார்ந்த குக்கிராமங்களில் வாழும் குடும்பங்களில் பெரும்பாலானவை வேளாண்மையையும் ஊரக வேலைத் திட்டத்தையுமே நம்பியிருப்பதாலும், அப்பகுதியை நகர எல்லையில் சேர்க்காமல் தனி ஊராட்சியாகவோ, அடுத்துள்ள ஊராட்சியோடு இணைத்தோ தொடரச் செய்யுமாறு இக்கிராம சபை அரசைக் கேட்டுக்கொள்கிறது."

இந்தத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால் ஊராட்சியின் எல்லையைக் குறைக்கும் முன் அந்த ஊராட்சிக்குத் தன் காரணங்களைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்று ஊராட்சிகள் சட்டம் சொல்கிறது. தீர்மானம் அந்த வாய்ப்பைப் பயன்படுத்தியதற்கான சான்று.

ஆறாம் படி: ஆட்சேபணை மனு

ஊருக்கே ஒரே மனு என்பதோடு நிறுத்தாமல், வேறுவேறு காரணம் உள்ளவர்கள் தனித்தனியாக எழுதட்டும். அச்சடித்த ஒரே படிவத்தில் ஆயிரம் பேர் கையெழுத்திட்டால் கோப்பில் அது ஒரு மனுவாகவே சுருக்கப்படும். பால் கூட்டுறவுச் சங்கம், மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பு, பாசன விவசாயிகள், பள்ளி மேலாண்மைக் குழு ஆகியோர் தத்தம் பாதிப்பைத் தம் கணக்கோடு எழுதினால் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிப்பு எழுத வேண்டிய நிலை அலுவலருக்கு வரும்.

வாதத்தின் முதுகெலும்பு அரசமைப்பின் 243கியூ பிரிவாக இருக்கட்டும். மக்கள்தொகை, அடர்த்தி, உள்ளாட்சி நிர்வாகத்துக்குக் கிடைக்கும் வருவாய், வேளாண்மை அல்லாத வேலைகளில் இருப்போர் விழுக்காடு, பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைக் கருத்தில் கொண்டே நகரப் பகுதி அறிவிக்கப்பட வேண்டும் என்கிறது அது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் அளவுகோலும் துணைக்கு வரும்: 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளரில் 75 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத வேலையில் இருத்தல். உங்கள் ஊரின் 2011 கணக்கு இவற்றில் எதை எட்டவில்லை என்று காட்டுங்கள். எட்டிவிட்டது என்றால் மறைக்க வேண்டாம். ஊராட்சியின் எந்தப் பகுதியால் எட்டியது என்று பிரித்துக் காட்டுங்கள். அந்த அளவுகோல் ஆண்களை மட்டுமே எண்ணுகிறது என்பதையும், களையெடுப்பும் நடவும் பெண்கள் கையில் இருக்கும் ஊரில் அது ஊரின் உண்மையான தொழிலைக் காட்டாது என்பதையும் தயங்காமல் எழுதலாம்.

மனுவைப் பதிவு அஞ்சலில் ஒப்புதல் அட்டையோடு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

நீதிமன்றத்தை நாடுவதைப் பற்றியும் ஒரு சொல். எல்லை வகுப்பது சட்டமியற்றும் தன்மை கொண்ட செயல், சட்டம் சொன்னதைத் தாண்டி அதில் தனி விசாரணை கேட்க முடியாது என்று, மகாராஷ்டிரத்தின் கல்யாண் மாநகராட்சி அமைப்பு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தெளிவாக்கிவிட்டது. "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பதில் நீதிமன்றம் தலையிடாது. கெடு தரப்படவில்லை, ஆட்சேபணையைப் பார்க்கவே இல்லை, அறிவிக்கையில் எல்லை தெளிவில்லை என்பன போன்ற நடைமுறைப் பிழைகளே வழக்காகும். அதற்கும் தேதியிட்ட ஒப்புதல் அட்டைதான் ஆதாரம்.

ஏழாம் படி: இணைப்பு நடந்துவிட்டால்

முதல் மூன்று மாதம் முக்கியம். நிலுவையிலுள்ள வேலைக் கூலியின் பட்டியலை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கையெழுத்தோடு வாங்குங்கள். ஊராட்சிக் கணக்குகளில் இருந்த இருப்புத்தொகை எவ்வளவு, அது எங்கே மாற்றப்பட்டது என்று கேளுங்கள். வீட்டு வரி ரசீது, குடிநீர் இணைப்பு ஆணை, கட்டட அனுமதி, மனைப்பிரிவு ஒப்புதல் ஆகியவற்றின் அசல்களைப் பத்திரப்படுத்துங்கள். ஊராட்சிப் பதிவேடுகள் அட்டைப்பெட்டியில் ஏறி நகராட்சி அலுவலகத்தின் மாடிக்குப் போனபின், ஒரு பழைய தீர்மான நகல் தேடுவது எளிதான காரியமன்று. பயிர் செய்யும் நிலத்துக்குக் காலிமனை என்று வரிக் கேட்பு வந்தால் அடங்கல் நகலோடு உடனே மறுப்புக் கொடுங்கள். தூய்மைக் காவலர்களும் தொட்டி இயக்குபவர்களும் பணித் தொடர்ச்சி கேட்டு இந்தக் காலத்திலேயே எழுத வேண்டும். ஒப்பந்தக்காரர் வந்தபின் கேட்டால் பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

பிறகு வார்டு வரையறை. நேரடியாகத் தலைவரைத் தேர்ந்தெடுத்த ஊர், இனி ஒரு வார்டின் ஒரு மூலையாகலாம். மேயரையும் நகராட்சித் தலைவரையும் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே, வரைவு வார்டுப் பட்டியல் வரும்போது, ஒரே ஊரின் தெருக்கள் இரண்டு மூன்று வார்டுகளுக்குப் பிரிக்கப்பட்டிருந்தால் அதற்கும் ஆட்சேபணை தெரிவிக்கலாம். இணைந்த ஊர்கள் இரண்டு மூன்று சேர்ந்து தனி வார்டாவதே பொதுவாக நல்லது. பழைய நகரத்தின் பெரிய வார்டோடு ஒட்டவைக்கப்பட்ட ஊரின் குரல் எண்ணிக்கையிலேயே அமுங்கிவிடும். கிராம சபைக்கு மாற்றாக நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபாவும் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி உள்ளன. பல இடங்களில் அவை பெயரளவில் கூடுகின்றன என்றாலும், கேட்டால் கூட்டியாக வேண்டும்.

இப்போதைக்கு இணைப்பிலிருந்து தப்பிய ஊர்களுக்கு

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31-இல் இருந்தபடியே உறைய வைக்கப்பட்டுள்ளன. 2027 மார்ச் 31 வரை மாற்றம் கூடாது. அதன் பிறகு அடுத்த சுற்று வரும் என்று எதிர்பார்க்கலாம், அப்போது கையில் எடுக்கப்படும் எண்கள் இந்தப் புதிய கணக்கெடுப்பின் எண்களாகத்தான் இருக்கும். ஆகவே, கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வந்து தொழில் என்ன என்று கேட்கும்போது, வயலில் பாதி ஆண்டு வேலை செய்யும் பெண்ணை "வீட்டில் சும்மா இருக்கிறார்" என்றும், சொந்த நிலத்தில் பயிர் செய்துகொண்டே ஓய்ந்த நேரத்தில் ஆட்டோ ஓட்டுபவரை வெறும் ஓட்டுநர் என்றும் சொல்லிவிடாமல், உள்ளதை உள்ளபடி முழுமையாகச் சொல்லுமாறு வீடுவீடாக எடுத்துரையுங்கள். அதோடு, மூன்றாம், நான்காம் படிகளில் சொன்ன பட்டியல்களை அறிவிக்கை வருவதற்கு முன்பே தயாரித்து, ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நகலும் ஊர்ப் பொதுவில் ஒரு நகலுமாக வைத்துக்கொள்ளுங்கள்.